மழை விட்ட மறுநாள்

மழை கொட்டுகிற இரவில் மலைநாட்டில் யாருக்கும் பயத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தகரக் கூரையில் இரைச்சல் விழுகிற விதத்திலேயே பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளை வாசல் பக்கமாக நகர்த்திப் படுக்கவைப்பார்கள். டோர்ச் லைட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பைக்குள் போய்விடும். யாராவது வந்து "கிளம்புங்க" என்று சொன்னால் அந்த நேரத்தில் பெரும்பாலும் கிளம்பவும் செய்வார்கள்.

நான் எழுத நினைப்பது அதற்கு அடுத்த பகலைப் பற்றி. மேகம் கலைந்து, கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலை தெளிவாகத் தெரிகிற பகல். பாடசாலை மண்டபத்திலும் கோயிலிலும் தங்கியிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, "அப்ப நாங்க வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்கிறோம்" என்று புறப்படுகிற பகல். என்னைக் கேட்டால், மழை இரவைவிட இந்தப் பகலுக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். நம்மிடம் இருக்கிற எச்சரிக்கை முறை வெளியேறச் சொல்வதில் ஓரளவு தேறிவிட்டது. திரும்பி வருவதைப் பற்றித்தான் அது போதுமான அளவு பேசுவதில்லை.

இந்த எண்ணம் எனக்கு வலுத்தது பனி விழுகிற ஒரு தேசத்திலிருந்து வந்த பேச்சால். பேராதனையில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சுவிட்சர்லாந்தில், அல்ப்ஸ் மலையோரத்து ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறார். 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு அடிக்கடி அழைத்து விசாரித்தார். ஒருநாள் அவருடைய பக்கத்துச் செய்தியைக் கேட்டேன். பனி நெஞ்சளவுக்குக் கொட்டியிருக்கிறது, பனிச்சரிவு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள் என்றார்.

"கொட்டேக்க பயமில்லை மச்சான்," என்றார். "அப்ப ஒருத்தரும் வெளியில போகமாட்டினம். கொட்டி ஓய்ஞ்சு, அடுத்த நாள் வானம் வெளிச்சு வெயில் எறிக்கும் பார், அண்டைக்குத்தான் சனம் மலைக்குப் போகும். அண்டைக்குத்தான் சாகிறதும்."

அவர் சொன்னது மலையேறிகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு வரும் முதல் நல்ல வெயில் நாள்தான் அங்கே பொல்லாத நாள். புதுப்பனி பழைய பனியின் மேல் ஒரு தனிப் பலகையாகப் படிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் பிடிமானமில்லாத, பொலபொலத்த ஒரு படலம் ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒரு மனிதரின் எடை அந்தப் படலத்தின் மேல் ஏறினாலே போதும், மேற்பலகை முழுவதும் வெடித்து இறங்கிவிடும். பனிச்சறுக்கலுக்குப் போய் இப்படிச் சிக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களோ தங்களோடு வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் புதைகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எஸ்.எல்.எஃப். என்று ஒரு பனி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நிலையில்தான் அதிகம் பேர் இறப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அதிகம் பேர் இறப்பது நடுவிலுள்ள மூன்றாம் நிலையில். ஐந்து என்றால் வீதியையே மூடிவிடுவார்கள், ஆளும் வெளியே வராது. மூன்று என்றால், "பரவாயில்லை, பார்த்துப் போனால் போதும்" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். இதை வாசித்தபோது நம் ஊர் மண்சரிவுக்கான மஞ்சள் எச்சரிக்கையைத்தான் நினைத்தேன். தொலைக்காட்சியில் கண்டி மாவட்டத்துப் பிரதேச செயலகங்களின் பெயர் மஞ்சளில் ஓடும்போது நம்மில் எத்தனை பேர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்குகிறோம்?

பனிச்சரிவு நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 பெப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், சோனம் காவல் முகாமின் மேல் பனி இடிந்து விழுந்தபோது புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் இருந்தவர்கள். அதில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரரை உயிரோடு எடுத்தார்கள். பெப்ரவரி 11ஆம் தேதி அவரும் டில்லி மருத்துவமனையில் இறந்துபோனார். பனியைக் கண்ணால் காணாத ஊர்களில் பிறந்தவர்கள் அவர்கள்.

சரி, நம் மலைக்கு வருவோம்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளுக்கு அடியில் இருப்பது மிகப் பழைய, உருமாறிய பாறை. அதன் மேல் இருப்பது மழையும் வெப்பமும் யுகக்கணக்கில் அரித்துப் பொடியாக்கிய மண். பல இடங்களில் அந்த மண் அங்கேயே உண்டானதும் இல்லை. எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த குவியல் அது. செங்குத்தான மலையில் கொஞ்சம் தட்டையாக இருப்பதும், ஊற்று சுரப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ஆகவே ஊர் வைத்தவர்களும், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயங்களைக் கட்டிய தோட்டத் துரைமார்களும் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பழைய மண்சரிவின் மடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம் என்பது அங்கே வாழ்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.

ஈரம் மண்ணை எப்போதும் இளக்கும் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஈரம் மண்ணைப் பிடித்து நிறுத்தும். புட்டுக்கு மா குழைப்பதைப் பாருங்கள்: தண்ணீரை அளவோடு தெளித்தால் கையில் பிடித்தால் பிடிபடும், ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் களியாகிவிடும். மலைமண்ணும் அப்படியே. மண்மணிகளுக்கு நடுவில் காற்றும் கொஞ்சம் நீரும் இருக்கிறவரை அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அதற்கும் மேல் நீர் சேர்ந்தால் அது மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்கும். போதாததற்கு அத்தனை நீரின் பாரமும் சரிவின் தோளில் ஏறியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். மேல்மண் மட்டும் வழுக்கி விழுகிற சிறு சரிவுகள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடும். ஆழமான சரிவுகள் அப்படியல்ல. மேலே விழுந்த நீர் கீழே பாறைத் தட்டு வரை இறங்க வேண்டும். மலை முகட்டில் விழுந்தது உள்ளுக்குள்ளேயே நடந்து அடிச்சரிவுக்கு வந்து சேர வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். வானம் வெளித்த பிறகும் மலையின் வயிற்றில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருக்க முடியும். மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள் நம் ஆட்கள். தூவானத்தையாவது கண்ணால் பார்க்கலாம்.

பிலிப்பைன்ஸில் கின்சாகொன் என்று ஒரு கிராமம் இருந்தது. 2006 பெப்ரவரியில் அங்கே பல நாட்கள் தொடர்ந்து பெருமழை. மலை சரியும் என்று பயந்து பலர் வெளியேறியிருந்தார்கள். மழை குறைந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். உச்ச மழை கடந்து நான்கு நாள்போல் ஆன பிறகு, 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, மேலிருந்த மலைமுகம் அப்படியே கழன்று கிராமத்தின் மேல் விழுந்தது. சுமார் 1,100 பேர் போனார்கள். பள்ளிக்கூடமும் பிள்ளைகளோடு புதைந்தது. இதை முதலில் வாசித்த நாளிலிருந்து, திரும்பி வந்தார்கள் என்ற அந்த இரண்டு சொற்களைத் தாண்ட என்னால் முடியவில்லை. எச்சரிக்கை அவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் சொல்லைக் கேட்டு வெளியேறியும் இருந்தார்கள்.

டித்வாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் வரிசையை மறந்துவிடக் கூடாது. 2025 நவம்பர் 22, சனிக்கிழமை காலை, பகல கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியோரத்து வீட்டின் மேலும் கடையின் மேலும் பாறையும் மண்ணும் விழுந்து 6 பேர் இறந்தார்கள். புயல் அப்போது பெயர்கூட வாங்கவில்லை. அதற்கு முன் பெய்த மழையிலேயே மலை நிரம்பியிருந்தது என்பதை அந்தச் சரிவு நமக்குக் காட்டியது. ஐந்தாறு நாளில் டித்வா கிழக்குக் கரையேறியது. 27ஆம் தேதி இரவும் 28ஆம் தேதியும் மலைநாட்டில் பெய்த மழை, ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் ஊற்றிய மழை. மத்திய மலைநாட்டில் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மேலும் பலரைக் காணவில்லை. மாவட்டங்களில் அதிக உயிரிழப்பு கண்டியில்தான், 200க்கு மேல். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வீதிகள் இல்லை, கண்டிக்கு வரும் ரயில் பாதை பல இடங்களில் அறுந்து கிடந்தது. கம்பளை நகரை மகாவலி மூழ்கடித்தது. பக்கத்து மலையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளவே நாட்கணக்கில் ஆனது. உலக வங்கி பிறகு கணக்குப் போட்டு, நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டொலர் என்றது. மாவட்டங்களில் அதிகம் இழந்தது அதிலும் கண்டிதான்.

அந்த நாட்களில் தமிழில் எச்சரிக்கை வரவில்லை, வந்தாலும் பிந்தி வந்தது என்ற குறை நாடெங்கும் எழுந்தது. அது நியாயமான குறை. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கண்டி, நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளில் அபாயத்தின் நேர் கீழே குடியிருப்பவர்களில் பெரும் பகுதியினர் தமிழ் பேசுகிறவர்கள். நள்ளிரவில் ஒருவருக்குப் புரியாத மொழியில் வந்து சேர்கிற செய்தியால் அவருக்கு என்ன பயன்?

அந்த டிசம்பரில் கலஹா பக்கம் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கப் போனேன். வெயில் வந்திருந்தது. கொழுந்து பறிக்கிற பெரியம்மா ஒருவர், சேலையைக் காயப்போட்டுவிட்டு, கிளம்புவதற்குத் தயாராக இருந்தார். அவர்களுடைய லயத்துக்கு மேலே, தேயிலை மலையில் குறுக்காக நிலம் வெடித்திருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"மழதான் விட்டுருச்சே தம்பி," என்றார்.

"வெடிப்பு இருக்கே பெரியம்மா. வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் இங்கேயே இருக்கலாமே?"

"யார் வந்து பார்ப்பா? எப்ப வருவாங்க? கோழி நாலு இருக்கு, மாடு கட்டுத்தறியில நிக்குது. ஸ்கூல் தொறந்தா நம்மள எங்க போகச் சொல்லுவாங்க? நாளைக்கு மலைக்குப் போகாட்டி பேர் விழாது. பேர் விழாட்டி கடைக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டியது யாரோ ஓர் அதிகாரியிடம். அந்த மண்டபத்தில் யாரிடமும் இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, விழுந்தால்தான் அதுவும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மலை சரியுமா சரியாதா என்பது நிச்சயமில்லாத கணக்கு, நாளைக்கு அடுப்பெரியாது என்பது நிச்சயமான கணக்கு. படித்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு "சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெரியம்மாவுக்கு மலையைப் பற்றித் தெரியும். ஊற்றுத் தண்ணீர் எந்த நாளில் கலங்கியது, பீலியில் எப்போது வரத்துக் கூடியது, எந்த சவுக்கு மரம் சாய்ந்திருக்கிறது எல்லாம் அவரே எனக்குச் சொன்னார். அவரிடம் இல்லாதது போய் இருக்க ஓர் இடம்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, காலை வேளை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் லய வரிசைகள் நொடிப்பொழுதில் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். சில பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஒன்பது வருட இடைவெளி! அந்த ஒன்பது வருடத்தில் அந்தக் குடும்பங்களுக்குச் சரிவில்லாத நிலத்தில் வீடு கட்டிக் கொடுத்திருக்க முடியாதா? கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2020 ஓகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். அவர்களும் தமிழர்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போன குடும்பங்கள். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இன்று வரை, நல்ல சமநிலம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் தேயிலைக்கும் போனது. மிஞ்சிய இடத்தில் லயம்.

நகரத்துக்காரர்கள் இதைத் தோட்டத்துப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. கண்டி நகரைச் சுற்றி, அம்பிட்டியவிலும் ஹந்தானையிலும் பேராதனைச் சரிவுகளிலும் வீடு கட்டுகிற விதத்தைப் பார்க்கிறவன் நான். பத்து பேர்ச் காணி, அது முழுக்கச் சரிவு. ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து பின்பக்கம் செங்குத்தாக ஓர் ஆள் இரண்டு ஆள் உயரம் வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி, பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலுமாக வீடு நிற்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பச்சை மண்சுவர். பிறகு பணம் சேர்ந்ததும் கல்லுக்கட்டு அணை எழுப்புவார்கள். அணையில் நீர் வடியக் குழாய் வைக்காமல் பூசிவிடுகிறவர்கள் நிறைய. பின்னால் தேங்குகிற தண்ணீருக்கு வேறு வழியில்லை, சுவரைத் தள்ளும். மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் பீலி வழியாக நேராகக் கீழ்வீட்டுக்காரர் சரிவின் தலையில் இறங்கும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வாங்க வேண்டும். அதை ஒரு கடதாசித் தொல்லையாகப் பார்க்காமல், அவர்கள் எழுதித் தருகிற நிபந்தனைகளை மேசனிடம் வாசித்துக் காட்டினாலே எத்தனையோ சுவர்கள் நிற்கும்.

அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை எப்படி இயங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், விழிப்பாக இருங்கள். 100 என்றால் செம்மஞ்சள், தயாராக இருங்கள். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, வெளியேறுங்கள். எண்கள் எளிமையானவை. சிக்கல் என்னவென்றால், மலைநாட்டில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டுகிற மழை அந்தப் பக்கம் பெய்வதில்லை. மழைமானி இருக்கிற இடத்தில் 60, உங்கள் லயத்துக்கு மேலே 140 என்றும் ஆகலாம்.

ஆகவே வீட்டிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை, உடம்பு நேராகத் தொடங்குகிற இடத்தில் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆயிற்று. அடியில் இருக்கும் மேடு பள்ளம் மறைகிற அளவுக்குக் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அதிலிருந்து மேலே பாடசாலை அடிமட்டம் ஒன்றை ஒட்டிவிட்டால் மில்லிமீற்றரில் வாசிக்கலாம். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெட்டவெளியில், சரியாமல் கல் அண்டக்கொடுத்து வையுங்கள். காலை எட்டரைக்கு வாசித்து எழுதிவிட்டுப் பூச்சியக் கோடு வரை நீரைக் குறைத்துவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் கணக்கும் எட்டரைக்குத்தான் முடிகிறது. பெருமழையில் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். ஒரு லயத்தில் ஒரு பிள்ளை இதைப் பொறுப்பெடுத்தால் போதும். என் வீட்டுக் கொல்லையில் ஒன்று நிற்கிறது. மூன்று நாள் மழையைக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் எண்ணைவிட அந்தக் கூட்டல்தான் மலைக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும்.

வெடிப்புக்கும் இப்படி ஒரு வழி உண்டு. நிலத்தில் பிளவு தெரிந்தால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து, இரண்டு தலைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து தேதி போட்டு எழுதுங்கள். மழை விட்ட பிறகும் அந்த எண் கூடிக்கொண்டு போனால் மலை இன்னும் நிற்கவில்லை. நீர் உள்ளே இறங்காதபடி பிளவைக் களிமண்ணால் அடைத்து, பொலித்தீன் போட்டு மூட வேண்டும். கான்களில் விழுந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். ஆனால் இதெல்லாம் பகலில், கீழே ஓர் ஆளை மலையைப் பார்க்க நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை. நேற்று வரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இறுகினால், சுவரில் மூலைக்கு மூலை வெடிப்பு ஓடினால், விளக்குக் கம்பம் சாய்ந்தால், தெளிந்த ஊற்று செந்நிறமாக வந்தால், அங்கே அளந்துகொண்டு நிற்க வேண்டாம். எல்லாவற்றையும்விட ஒன்று: மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடைத் தண்ணீர் திடீரென்று வற்றினால் சந்தோஷப்படாதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது. உடைத்துக்கொண்டு வரும்போது நேரம் தராது.

ஆபத்துப் பகுதிகளைக் காட்டும் வரைபடத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. 1999 பெப்ரவரி 23ஆம் தேதி ஆஸ்திரியாவில் கால்டூர் என்ற மலைக்கிராமத்தில் பனி இறங்கி 31 பேர் இறந்தார்கள். வாரக்கணக்கில் பெய்து மீற்றர் கணக்கில் சேர்ந்த பனி. கிராமத்துக்குப் பனிச்சரிவு வரைபடம் இருந்தது, ஆபத்தான பகுதிகளுக்கு நிறம் தீட்டியும் இருந்தார்கள். இறங்கிய பனி பாதுகாப்பு என்று நினைத்த வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். வரைபடத்தைத் திருத்தினார்கள், கிராமத்துக்கு மேலே தடுப்பு எழுப்பினார்கள், சரிவு தொடங்குகிற மலைமுகத்தில் வரிசை வரிசையாக இரும்புத் தடுப்பு நட்டார்கள். பழையதை வைத்துக்கொண்டு விதியை நோகவில்லை. டித்வாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மலை சரிந்தது. ஒவ்வொரு சரிவும் வரைபடத்தில் ஏறினால் அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்கிற வரைபடம் வேறாக இருக்கும்.

இனி என் கோரிக்கை. சிவப்பு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரால் வருகிறது, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு. அது முடிந்தால் நீடிப்பார்கள், அல்லது நிறம் குறையும். ஆனால் இந்த லயம், இந்த ஒழுங்கை, இந்த வீட்டு இலக்கம் திரும்பலாமா என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. அதற்கு ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். டித்வாவுக்குப் பிறகு அதிகாரிகள் மலை மலையாக ஏறிப் பார்த்தார்கள், அதை நன்றியோடு சொல்கிறேன். ஆட்பலம் போதவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தங்குமிடத்திலும், தமிழிலும் சிங்களத்திலும், வீட்டு வரிசைப்படி ஒரு பலகை வேண்டும்: பார்த்தாயிற்று, திரும்பலாம்; பார்த்தாயிற்று, திரும்பக் கூடாது; இன்னும் பார்க்கவில்லை, இந்தத் தேதியில் வருகிறோம். மூன்றாவது வரியில் தேதி இருந்தால் பெரியம்மா காத்திருப்பார். வெளியேறியிருக்கிற நாட்களுக்குப் பேர் விழ வேண்டும், தோட்ட நிர்வாகமோ அரசோ யாராவது அந்தச் சம்பளத்தைப் பொறுப்பேற்க வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் தீனி போட இரண்டு இளைஞர்களை முறை வைத்து அனுப்பலாம். இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை.

பெரிய பணம் தேவைப்படுவது நிலத்துக்கு. வீடு முற்றாக இழந்தவர்களுக்குப் புதிய வீட்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருவதாக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. லயத்தில் இருப்பவருக்கோ வீடும் சொந்தமில்லை, அது நின்ற நிலமும் சொந்தமில்லை. சரியாத இடத்தில் அவர் பெயருக்கு உறுதியோடு காணி கிடைக்கிற வரைக்கும் இந்தப் பதிவை நான் ஒவ்வொரு ஒக்டோபரிலும் புதுப்பித்துப் போடுவேன்.

இதற்கிடையில் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கம் இதை வாசிக்கிறவர்களுக்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. புதிய வெடிப்பு, கலங்கிய ஊற்று எதைக் கண்டாலும் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்த கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் பகலில் போங்கள், தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பத்திரமும் மருந்தும் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள். யாராவது வந்து பார்த்து, திரும்பலாம் என்று சொல்கிற வரை ஓர் இரவுகூட அங்கே படுக்க வேண்டாம்.